கோடை விடுமுறையில் கலை அருங்காட்சியகப் பயிற்சி: வேலூரிலிருந்து எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி
எழுதியவர்: பாலாற்று மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நான்காம் பருவத் தேர்வு ஏப்ரல் இறுதியில் முடிந்துவிடும். அதன் பிறகு வரும் கோடை விடுமுறையில் ஏதேனும் ஓர் இடத்தில் இன்டர்ன்ஷிப் முடித்து, அதற்கான சான்றிதழைக் கல்லூரியில் கொடுக்க வேண்டும். வகுப்பில் பலரும் தெரிந்தவர்களின் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஒரு கலை அருங்காட்சியகத்தில் உண்மையாகவே வேலை கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

இந்த ஆசை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு கல்லூரிச் சுற்றுலாவில் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம். வெண்கலக் கூடத்தில் ஒரு திருமேனியைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தபோது, தலைக்குப் பின்னால் தாமரைப்பூப் போல ஒரு வட்டமும், அதிலிருந்து தோளில் இறங்கும் சுருள் முடியும் அவ்வளவு நுணுக்கமாகச் செய்யப்பட்டிருந்தன. கோயிலில் அலங்காரத்தோடு முன்னால் மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு, யாருமே பார்க்காத பக்கத்தில் எதற்காக இவ்வளவு வேலை என்று தோன்றியது. அங்கேயே நின்றுவிட்டேன். பேருந்து புறப்படும் நேரத்தில் பேராசிரியர் தேடி வந்து அழைத்துப் போகவேண்டியதாயிற்று.

இப்போது விண்ணப்பக் கடிதம் எழுத உட்கார்ந்தால் "சிறு வயதிலிருந்தே கலையின் மீது தீராத ஆர்வம் கொண்ட நான்" என்ற வரியைத் தாண்டிப் பேனா நகரவில்லை. யாருக்கு எழுதுவது, என்ன எழுதுவது, எப்போது அனுப்புவது, எதுவும் தெரியவில்லை. நான் ஓவியக் கல்லூரி மாணவி இல்லை. என் ஆங்கிலமும் சுமார்தான். அப்பா ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், ஆகையால் சென்னையில் அறை எடுத்துத் தங்குவது நடக்காத காரியம். வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கோடைப் பயிற்சி தருவதாகவும் படித்தேன். அது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1
எழுதியவர்: காட்பாடி சந்திப்பு

யாருக்கு எழுதுவது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரிலேயே இதில் ஒரு குழப்பம் உண்டு. வேலூர்க் கோட்டைக்குள் இரண்டு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. ஒன்று தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகத் துறையைச் சேர்ந்தது. மற்றொன்று மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையுடையது. ஓர் அலுவலகத்தின் பெயரை எழுதி மற்றோர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பதிலே வரவில்லை என்று வருந்திய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாநில அரசு அருங்காட்சியகம் என்றால் கடிதத்தை அதன் பொறுப்பாளரான காப்பாட்சியருக்கு (கியூரேட்டர்) எழுதுங்கள். துறையின் தலைமையிடம் எழும்பூரிலேயே இருப்பதால் இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்புவது நல்லது.

இப்படிப்பட்ட இடங்களில் "பயிற்சிக்கு ஆட்கள் தேவை" என்று விளம்பரம் வரும் எனக் காத்திருக்காதீர்கள். நாமாகத்தான் கேட்கவேண்டும். துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், கல்லூரி முதல்வர் கையொப்பமிட்ட போனஃபைடு சான்றிதழ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வரமுடியும் என்ற தெளிவான வரி, இம்மூன்றும் இல்லாத கடிதம் கோப்புக்குள் போய் அங்கேயே உறங்கிவிடும். மே மாதப் பயிற்சிக்கு மார்ச் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் நேரில் போங்கள். எழும்பூருக்குப் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.

பதில் 2
எழுதியவர்: பழைய பதிவேடு

மகளே, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நான் ஓர் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மாணவர்களின் விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பெழுதி மேலே அனுப்புவது என் வேலைகளில் ஒன்றாக இருந்தது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் விண்ணப்பத்தை நீங்கள் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள், ஆனால் அது கடிதத்தில் இல்லாமல் இந்தக் கேள்வியின் இரண்டாம் பத்தியில் கிடக்கிறது.

"சிறு வயதிலிருந்தே தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதங்களை நான் கட்டுக் கட்டாகப் படித்திருக்கிறேன். அந்த வரி பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை எழுதியவர் அருங்காட்சியகத்துக்குள் ஒரு முறையாவது கால் வைத்தாரா என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. நீங்களோ சிலையின் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். நீங்கள் கண்ட அந்த வட்டத்துக்குச் சிரச்சக்கரம் என்று பெயர். யாரும் பார்க்காத பக்கத்தில் எதற்கு இவ்வளவு வேலை என்று கேட்டீர்கள் அல்லவா? அவை உற்சவ மூர்த்திகள். கருவறை மூலவரைப் போலச் சுவரை ஒட்டி நிற்பவை அல்ல. தோளில் தூக்கி வீதியுலா கொண்டுபோகப்பட்டவை. அடுத்த முறை போகும்போது பீடத்தைப் பாருங்கள், தண்டு கோத்துக் கட்டுவதற்கான வளையங்களோ துளைகளோ இருக்கும். தெருவில் சாமி கடந்துபோன பின்னும் கைகூப்பி நிற்பவர்கள் பார்ப்பது முதுகைத்தானே? உங்கள் கேள்வி சரியான கேள்வி. அதை அப்படியே கடிதத்தின் முதல் பத்தியாக எழுதுங்கள்.

இரண்டாவதாக, அருங்காட்சியகத்தில் என்ன வேலை நடக்கிறது என்பதைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு எழுதுங்கள். பார்வையாளர்கள் காண்பது கண்ணாடிப் பெட்டியை மட்டும்தான். உள்ளே நடப்பதில் பெரும்பகுதி எழுத்து வேலை. ஒரு பொருள் வந்தவுடன் பதிவேட்டில் ஏற்றி எண் கொடுக்கவேண்டும், அளவு எடுக்கவேண்டும், அளவுகோலோடு சேர்த்துப் படம் பிடிக்கவேண்டும், எங்கே கிடைத்தது, எப்படி வந்தது, எங்கே விரிசல் இருக்கிறது என்றெல்லாம் குறிக்கவேண்டும். அந்த எண்ணைப் பொருளின் மீது எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் மறைவான இடத்தில் மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவி, அது காய்ந்தபின் அதன்மேல் எண்ணை எழுதி, மேலே மறுபடியும் பூசுவார்கள். பிற்காலத்தில் வேண்டாம் என்றால் அசிட்டோன் தொட்டுத் துடைத்தால் பொருளுக்குச் சேதமில்லாமல் எண் போய்விடும். இந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவதற்காகப் புனேயில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'ஜதன்' என்ற மென்பொருளை மத்திய அரசின் அருங்காட்சியகங்கள் பயன்படுத்துகின்றன. அதன் வழியாக ஏற்றப்பட்ட பொருள்களைப் பொதுமக்களும் இணையத்தில் பார்க்கலாம். ஒரு மாலை அதில் உட்கார்ந்து பத்துப் பொருள்களின் பதிவுகளைப் படித்துப் பாருங்கள். ஒரு பதிவில் என்னென்ன விவரங்கள் இருக்கவேண்டும் என்பது யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிடும்.

வெண்கலம் பற்றிப் பேசியதால் இன்னொன்று. எழும்பூரில் இத்தனை திருமேனிகள் எப்படிச் சேர்ந்தன என்று யோசித்தீர்களா? அவற்றில் பல, வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதும் வயலை உழும்போதும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவை. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, அப்படிக் கிடைப்பவற்றை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும். அந்த வழியாகத்தான் பல திருமேனிகள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெண்கலத்தில் உப்பு ஏறியிருக்கும். அதன்பின் ஈரக்காற்றுப் பட்டால் வெளிர்பச்சைத் தூள் போலப் பூத்துக்கொண்டு உலோகத்தையே அரிக்கும். 'வெண்கல நோய்' என்றே இதைச் சொல்வார்கள். பழமையின் அழகாகப் படிந்திருக்கும் கெட்டியான பச்சைக் களிம்பு வேறு, இந்தத் தூள் வேறு. எழும்பூரில் 1930-இல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டதற்கு இப்படிப்பட்ட உலோகத் திருமேனிகளைக் காப்பாற்ற வேண்டிய தேவையே முக்கியக் காரணம். பயிற்சி மாணவியின் கையில் மருந்தையும் தூரிகையையும் யாரும் கொடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. ஆனால் இந்த வேறுபாடு தெரிந்து வருகிற மாணவியிடம் பேசுவதற்குக் காப்பாட்சியருக்கு நேரம் இருக்கும்.

ஓவியக் கல்லூரியில் படிக்கவில்லையே என்று கவலைப்படுகிறீர்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. சென்னை அருங்காட்சியக நடராசர்களின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். தத்துவத்தில் தொடங்காமல், உதட்டையும் கண்ணையும் பக்கவாட்டுத் தோற்றத்தையும் கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறார். உங்களுக்கு வேண்டியதும் இப்படிப் பார்க்கும் கண்தான். அவர் பார்த்தவற்றில் ஒன்று திருவாலங்காட்டு நடராசர். காட்பாடியிலிருந்து சென்னைக்கு இரயிலில் போகும்போது அரக்கோணம் தாண்டியதும் திருவாலங்காடு நிலையம் வருமே, அதே ஊர்தான். இராணிப்பேட்டைப் பக்கம் காவேரிப்பாக்கத்தில் கிடைத்த கற்சிற்பங்களும் எழும்பூரில்தான் இருக்கின்றன. நம் பழைய வட ஆற்காட்டு மண்ணைச் சேர்ந்த மாணவி, தன் ஊர்ப் பக்கத்துப் பொருள்களின் பெயரையாவது தெரிந்துகொண்டு போகவேண்டாமா?

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்று அரசு அருங்காட்சியகத்தில் யாரும் கேட்பதில்லை. அதைவிட முக்கியம், தமிழில் நல்ல விளக்கக்குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. காட்சிப் பெட்டிகளில் "கி.பி. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகும்" என்பதோடு முடிந்துவிடும் அட்டைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏதாவது ஒரு பொருளைப் பற்றி அறுபது எழுபது சொற்களில், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிறாற்போல ஒரு குறிப்பு எழுதிக் கடிதத்தோடு இணையுங்கள். யாரும் கேட்காமலே இணையுங்கள். நான் பணியில் இருந்த காலத்தில் அப்படி இணைத்து அனுப்பியவர்கள் இரண்டே பேர், இருவரையும் எடுத்துக்கொண்டோம்.

பதில் 3
எழுதியவர்: ஆற்காட்டு அக்கா

ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை, தங்கையே. ஆனாலும் நான் செய்த ஒரு தவற்றைச் சொன்னால் உனக்குப் பயன்படும். முதுகலை முதலாண்டில் நான்கு இடங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். பெயரை மட்டும் மாற்றி அனுப்பியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியூரில் உள்ள ஒரு தனியார் அருங்காட்சியகத்துக்குப் போன கடிதத்தின் மூன்றாம் பத்தியில் "தங்கள் அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்கள் என்னைப் பெரிதும் ஈர்த்தன" என்ற வரி அப்படியே இருந்துவிட்டது. அங்கே இருந்தவையோ புகைப்படங்களும் நவீன ஓவியங்களும்தான். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து என் கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெட்கத்தில் காது மடல் சூடேறியது இன்றும் நினைவிருக்கிறது.

அடுத்த ஆண்டு ஓர் இடத்துக்கு மட்டும் எழுதினேன், கிடைத்தது. மூன்று வாரம். முதல் வாரம் முழுவதும் கண்ணாடி வளையல் துண்டுகளையும் மணிகளையும் பதிவேட்டு எண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலைதான். மணியை எடுக்கும்போது இரண்டு கைகளையும் பயன்படுத்தவேண்டும், தட்டுக்கு மேலேயே பிடிக்கவேண்டும், தட்டுக்கு அடியில் மெத்தென்ற விரிப்பு இருக்கவேண்டும், மேசைமேல் பேனா கூடாது, பென்சில் மட்டுமே. உலோகத்தைக் கையுறை இல்லாமல் தொட்டால் விரலின் வியர்வை உப்பு அதில் படிந்துவிடும் என்று முதல் நாளே சொன்னார்கள். இரண்டாம் வாரம் காகித ஓவியங்கள் இருந்த அறைக்கு விட்டார்கள். அங்கே வெளிச்சம் மிகக் குறைவு. விளக்கு ஏதோ பழுதாகிவிட்டது என்று நினைத்து நான் போய்ச் சொன்னேன். சிரித்தார்கள். காகிதத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் போகக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருந்தார்கள். எண்ணெய் வண்ண ஓவியம் என்றால் 200 லக்ஸ் வரை தாங்கும். வெளிச்சத்தால் வெளுத்த சாயத்தை எந்த ஆய்வகமும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உதவித்தொகை எதுவும் தரவில்லை. காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போய் மாலையில் அதிலேயே திரும்புவேன். மாதச் சீசன் டிக்கெட் எடுத்ததால் இரயில் செலவு தாங்கக்கூடியதாக இருந்தது. மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனேன். காட்பாடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மே மாத வெயிலில் தினமும் போய்வருவது உடம்பை உலுக்கிவிடும், அதனால் வாரம் மூன்று நாள் வரலாமா என்று முன்கூட்டியே கேள். கேட்டால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவும் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பதுண்டு. ஆனால் நம் ஊரிலிருந்து தினமும் போய்வரும் தூரம் இல்லை. சென்னையில் உறவினர் வீடு இருந்தால் பார்.

வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தாய். வெனிஸ் நகரத்தின் பெக்கி குகன்ஹெய்ம் அருங்காட்சியகப் பயிற்சிக்கு எந்த நாட்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை நடக்கும். எட்டாத கனி என்று சொல்லமாட்டேன். ஆனால் போக்குவரத்து, விசா, தங்குமிடம் என்று கணக்குப் போட்டால் முதல் முயற்சியாக அதை எடுக்காதே. இங்கே ஒரு கோடை முடித்துவிட்டு, அந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதுகலையில் முயன்றுபார்.

பதில் 4
எழுதியவர்: வாலாஜாப்பேட்டை

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிந்துவைக்கிறேன். சம்பளம் இல்லாமல் மூன்று வாரம் வேலை வாங்கிக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவதற்கு இவ்வளவு பாடா? வசதியான வீட்டுப் பிள்ளைகள் போவார்கள், மற்றவர்கள் இரயிலில் தொங்கிக்கொண்டு போகவேண்டும். என் மகனைக் கோடையில் ஒரு கடையில் சேர்த்தேன், செலவுக்குப் பணமாவது வந்தது.

பதில் 5
எழுதியவர்: பழைய பதிவேடு

வாலாஜாப்பேட்டை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். உதவித்தொகை தராத பயிற்சி ஏழை மாணவர்களை வாசலிலேயே வடிகட்டிவிடுகிறது என்பது உண்மைதான். அதனால்தான் இந்த மாணவிக்கு நான் எழும்பூரைவிட முதலில் வேலூரையே சொல்வேன். கோட்டைக்குப் போய்வர நகரப் பேருந்துக் கட்டணம் போதும். வேலூர் அரசு அருங்காட்சியகம் சிறியதுதான், ஆனால் நடுகற்கள், பல்லவர் காலம் முதல் விசயநகரக் காலம் வரையிலான சிற்பங்கள், கோட்டையில் சிறைவைக்கப்பட்ட கண்டியின் கடைசி மன்னன் விக்கிரமராசசிங்கனோடு தொடர்புடைய தந்தச் சதுரங்கக் காய்கள் என்று, பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பொருள்கள் அங்கே இருக்கின்றன. பெரிய அருங்காட்சியகத்தில் பயிற்சி மாணவிக்கு ஒரு மூலை கிடைக்கும். சிறிய இடத்தில் எல்லா வேலையும் கண்ணில் படும். கடையில் வேலை பார்ப்பதும் குறைந்ததல்ல. இந்தப் பெண் கேட்டது வேறு என்பதால்தான் வேறு வழி சொல்கிறேன்.

மகளே, குறிப்பு எழுதுவதற்கு உங்கள் ஊரிலேயே ஏதாவது பொருள் இருக்கிறதா?

பதில் 6
எழுதியவர்: பாலாற்று மாணவி

ஐயா, அக்கா, எல்லோருக்கும் நன்றி. வேலூருக்கே முதலில் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். எழும்பூருக்கு வாரம் மூன்று நாள் என்று கேட்டுத் தனியாக ஒரு கடிதம் எழுதுவேன். அக்கா சொன்னதுபோல் ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதமாட்டேன்.

ஐயா கேட்டதும் என் பாட்டி ஊர்தான் நினைவுக்கு வந்தது. செங்கம் போகும் வழியில் இருக்கிறது. ஏரிக்கரையில் வேப்பமரத்தடியில் ஒரு கல் உண்டு. ஊரில் அதை வேடியப்பன் என்று சொல்லி மஞ்சள் பூசிக் கும்பிடுகிறார்கள். கல்லூரியில் நடுகல் பாடம் படித்த பிறகுதான் அது என்ன என்று எனக்கே உறைத்தது. நான் எழுதிப் பார்த்த குறிப்பு இது:

"ஏறக்குறைய மூன்றடி உயரமுள்ள பலகைக் கல். ஒரு வீரன் இடப்பக்கம் திரும்பிக் காலை அகட்டி நிற்கிறான். வலக்கையில் குறுவாள், இடக்கையில் வில். மார்பில் இரண்டு அம்புகள் பாய்ந்திருக்கின்றன, ஆனாலும் அவன் விழவில்லை. காலடியில் ஒரு பானை உள்ளது. மாடு கவர வந்தவர்களை எதிர்த்து மடிந்த ஒருவனுக்காக ஊரார் நட்ட கல்லாக இருக்கலாம். இன்று அவன் ஊரைக் காக்கும் சாமி. ஆடி மாதத்தில் பொங்கல் வைக்கிறார்கள்."

பாட்டி ஊரில் எடுத்த பழைய கைப்பேசிப் படத்தைப் பார்த்து எழுதினேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பதில் 7
எழுதியவர்: பழைய பதிவேடு

நன்றாக வந்திருக்கிறது. "ஆனாலும் அவன் விழவில்லை" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். யாராவது எடுக்கச் சொன்னாலும் ஒரு முறை வாதாடிப் பாருங்கள். "நட்ட கல்லாக இருக்கலாம்" என்று எழுதியது எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரிந்தது போல எழுதாதது நல்ல பழக்கம். கல்லில் எழுத்து இருக்கிறதா என்பதையும் குறிப்பில் சொல்லிவிடவேண்டும். செங்கம் பகுதி நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து உண்டு. அதே பகுதியில் எடுத்தனூரில் உள்ள கல்லில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் கோவிவன் என்ற நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதை எழுதி, வீரனோடு அந்த நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பு உங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பாட்டி ஊர்க் கல் அதிலேயே பதிவாகியிருக்கவும் கூடும்.

ஓர் ஐயம். காலடியில் பானை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மூக்கு இருக்கிறதா? இப்பகுதி நடுகற்களில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்குவது வழக்கம். மூக்கு இருந்தால் அது பானை ஆகாது, கெண்டி. பழைய படத்தை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்கமுடியாது, நேரில் போய்ப் பாருங்கள். நாடாவால் உயரத்தையும் அகலத்தையும் அளந்து சென்டிமீட்டரில் எழுதுங்கள். "ஏறக்குறைய மூன்றடி" பதிவேட்டில் செல்லாது. உச்சிவெயிலில் போனால் கோடுகள் தெரியாது. பொழுது சாய்ந்த பின், கைப்பேசி விளக்கைக் கல்லுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய உரசுவது போலப் பிடித்தால் மழுங்கிய செதுக்கலும் நிழல் விழுந்து தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மஞ்சளையும் எண்ணெயையும் சுரண்டவோ கழுவவோ வேண்டாம். அது ஊராரின் சாமி. பூசாரியிடமோ பெரியவர்களிடமோ கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

பதில் 8
எழுதியவர்: பாலாற்று மாணவி

ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன் ஐயா. பாட்டியும் கூட வந்தார். இருட்டும் வரை காத்திருந்து நீங்கள் சொன்னபடி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தோம். பானையின் இடப்பக்கம் சிறிதாக ஒரு மூக்கு நீண்டிருந்தது, மஞ்சள் அப்பியிருந்ததால் இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படவில்லை. அதற்குப் பக்கத்தில் மூடி போட்டாற்போல ஒரு சிறு உருண்டையும் இருக்கிறது. அது சிமிழாக இருக்குமோ என்று ஐயக்குறியோடு எழுதியிருக்கிறேன். மேல்விளிம்பில் எழுத்துப் போலச் சில கீறல்கள் தெரிந்தன. எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அதையும் அப்படியே எழுதிவிட்டேன். தரைக்கு மேல் உயரம் 84 சென்டிமீட்டர், அகலம் 61. மண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாததால் "தரைக்கு மேல்" என்று சேர்த்திருக்கிறேன்.

கடிதத்தின் முதல் பத்தியில் வெண்கலத் திருமேனியின் பின்பக்கம், இரண்டாவதில் என்னால் வரமுடிகிற தேதிகளும் செய்ய விரும்பும் வேலையும், கடைசியில் தமிழ் விளக்கக்குறிப்பு எழுத உதவ முடியும் என்ற வரி. அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது. துறைத்தலைவர் கையெழுத்து நேற்றுக் கிடைத்தது. நாளைக் காலை கோட்டைக்கு நேரில் போய்க் கொடுக்கிறேன். எழும்பூருக்கான கடிதம் இன்று மதியம் ஸ்பீடு போஸ்டில் போய்விட்டது.